வாறன் என்ற ஈற்றடி

கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் ஒன்றரை வருடம் கல்வெட்டு எழுதினேன். கல்லில் வெட்டுகிற வேலை இல்லை. செத்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு அடித்துக் கொடுக்கும் சின்னப் புத்தகத்துக்குத்தான் அந்தப் பெயர். முன்னால் படம், உள்ளே தேவாரம், நடுவில் அவரைப் பற்றி நாலு பாட்டுப் புலம்பல். முன்பு எழுதியவர் கனடா போய்விட்டார், எனக்குக் கணினியில் தமிழ் அடிக்க வரும். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்த வேலை அப்படித்தான் கிடைத்தது.

பாட்டில் எனக்குத் தெரிந்தது ஈற்றடி மட்டும். வத்தளையில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் நின்றபோதும், அதற்கு முன் உப்பளத்தில் கிடந்தபோதும், வெள்ளிக்கிழமைகளில் பஜனைக்குப் போவேன். முடிந்ததும் சோறு தருவார்கள். பாட்டு ஒன்றும் தெரியாது. முன்னால் இருப்பவர் பாடிக்கொண்டு போவார், திரும்பத் திரும்ப வரும் அடி வந்ததும் நானும் சேர்ந்துகொள்வேன். இரண்டு தரம் கேட்டால் வாய் தானாகப் போகும். அதனால் கல்வெட்டிலும் ஈற்றடியைத்தான் முதலில் எழுதுவேன். மற்ற அடிகளை ஊர், உத்தியோகம், குணம் என்று நிரப்பினால் போதும். படிக்கிற நாளில் சனம் அவற்றைக் கேட்பதில்லை. ஈற்றடியை மட்டும் சேர்ந்து சொல்லும்.

வெள்ளவத்தையிலிருந்து ஓர் அக்கா வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவரோடு ஒரே வீட்டில் இருந்து செத்துப்போன அண்ணனுக்குக் கல்வெட்டு. ஈற்றடியை அவரே ஒரு பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தார்: "போட்டு வாறன் தங்கச்சி."

"இதை மட்டும் மாத்தக் கூடாது தம்பி."

"அண்ணர் அப்பிடித்தான் சொல்லுறவரோ அக்கா?"

"ஒவ்வொரு நாளும். அண்டைக்கு மட்டும் சொல்லேல்லை."

அண்ணனுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அன்று காலை அக்கா சீனிப் பேணியை ஒளித்து வைத்திருக்கிறார். அவர் ஒரு வாய் தேத்தண்ணி குடித்துப் பார்த்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி எழுந்தார். வாசலில் நின்று "போறன்" என்றார். எங்கள் ஆட்கள் வீட்டை விட்டு இறங்கும்போது, போய்விட்டு வருகிறேன் என்கிற பொருளில் "போட்டு வாறன்" என்பார்கள், வெறும் "போறன்" சொல்வதில்லை. சொன்னால் திரும்பி வராத போக்கு. அவர் புறக்கோட்டை பஸ் நிலையத்தில் விழுந்தார். ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னரே முடிந்துவிட்டது.

"நாலு தரம் வரும்தானே?"

"ஓம் அக்கா. நாலு பாட்டு, நாலு தரம்."

"எல்லாரும் சேர்ந்து சொல்லுவினம்தானே?"

"சொல்லுவினம்."

"அப்ப அது காணும், எனக்குப் போதும். போட்டு வாறன் தம்பி" என்று இறங்கிப் போனார்.

அடிப்பதற்கு முன் முதலாளி தாளை வாங்கிப் பார்த்தார்.

"உனக்கென்ன விசரே? செத்தவீட்டுக்குப் போற சனமே திரும்பிப் போகேக்க வாறன் எண்டு சொல்லாமல் நழுவுது. செத்த ஆள் வாறன் எண்டால், சாப்பிட வந்ததுகள் இலையை விட்டிட்டு ஓடுங்கள்."

"மாத்த வேண்டாமெண்டு சொன்னவ."

"அவவுக்குத் துக்கம். உனக்கு மூளை இருக்கவேணும்."

வழக்கப்படி பார்த்தால் அவர் சொன்னது சரி. அக்கா ஏன் கேட்டார் என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை. அச்சகத்தின் மேல்தட்டில்தான் நான் படுத்தேன், வாய் காட்டினால் படுக்கிற இடம் போகும். வேறு அடி யோசித்திருக்கலாம். அன்று கையில் இன்னும் இரண்டு கல்வெட்டு இருந்தது. கணினியில் ஒரு தரம் மாற்றச் சொன்னால் நாலு இடத்திலும் மாறும். "போறன் நான் தங்கச்சி." ஓசையும் இடறவில்லை. எந்தச் சொல்லைப் போட்டேன் என்பது உறைத்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் நிறுத்தவில்லை.

முப்பத்தோராம் நாள் காலை புத்தகக் கட்டை நானே கொண்டுபோனேன். பிளாட் நிறையச் சனம். அக்கா கட்டைப் பிரிக்க நேரமில்லாமல் யாரிடமோ கொடுத்துவிட்டு, "இருந்து சாப்பிட்டுப் போ தம்பி" என்றார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். சொல்லாமல் செருப்புகளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டேன்.

படிக்க வந்தவர் நல்ல குரல்காரர். முதற் பாட்டின் ஈற்றடி வந்தது. நாற்பது ஐம்பது பேர் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். படத்தருகே இருந்த அக்காவின் குரல் மட்டும் "போட்டு வாறன்" என்று தொடங்கி நடுவில் நின்றது. புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். தாளைத் திருப்பினார். இரண்டாம் தரம் "போட்டு வாறன் தங்கச்சி" என்று உரக்கச் சொன்னார். பக்கத்தில் இருந்தவள் விரலால் காட்டினாள்.

"பிழையாச் சொல்லுறியள் அக்கா. இஞ்ச பாருங்கோ, போறன் எண்டு கிடக்கு."

மூன்றாம் தரம் அவர் வாய் திறக்கவில்லை. நான்காம் தரம், எல்லாரோடும் சேர்ந்து, அச்சில் இருந்ததையே சொன்னார்.

இலை போடத் தொடங்கினார்கள். நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினேன். அந்த மாதிரி வீட்டிலிருந்து அப்படித்தான் இறங்க வேண்டும்.