ஒரு நம்பருக்கு ஒருவர்

என் இளைய மகளுக்குப் பென்சிலின் வகை ஊசி ஆகாது. சிறு வயதில் காதில் சீழ் வந்தபோது ஒரு முறை போட்டார்கள். முகம் வீங்கி, மூச்சு இழுத்து, பிழைத்ததே பெரிது என்று ஆகிவிட்டது. நான் வேலை பார்க்கும் பெரம்பலூர் மருத்துவமனையின் கம்ப்யூட்டரில் அவள் பெயருக்கு நேராகச் சிவப்பு எழுத்தில் அதை நானே பதிந்து வைத்தேன். கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பு. வாய்விட்டுச் சொல்ல முடியாத நிலையில் அவள் வந்து விழுந்தாலும் அந்தச் சிவப்பு வரி அவளுக்காகப் பேசும் என்று நம்பினேன்.

எங்கள் மருத்துவமனையில் நோயாளிகளின் பழைய பதிவுகளைத் தேடித் தருவதற்கென்றே தனியாக ஒரு சர்வர் உண்டு. அதற்குள் இருக்கும் இண்டெக்ஸ், தடித்த புத்தகங்களின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று போட்டிருப்பார்களே, அது போன்றது. எதை வைத்துத் தேட வேண்டும், எதை முதலில் காட்ட வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்ற கட்டளைகள் செட்டிங்ஸ். இரண்டும் வேறு வேறு. பதிவுகள் எல்லாம் பத்திரமாக உள்ளே இருந்தும், தவறான ஒரு கட்டளையால் ஓர் ஆள் கண்ணில் படாமல் போக முடியும்.

எங்கள் பக்கத்தில் ஒரு நோயாளியைப் பெயரால் தேடுவது வீண் வேலை. ஏலாக்குறிச்சி, வரதராஜன்பேட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் மாதாவின் பெயர் வீட்டுக்கு இரண்டு பேருக்காவது இருக்கும். என் இரண்டு மகள்களுக்கும் பெயரின் முன்பாதி ஒன்றேதான். ஜெயங்கொண்டம் பக்கமிருந்து வருபவர்களில் பாதிப் பேருக்குக் குலதெய்வத்தின் பெயர். அதனால் கவுன்ட்டரில் கேட்கும் முதல் கேள்வி, "நம்பர் சொல்லுங்க" என்பதுதான். சொல்லப்படும் நம்பரும் பெரும்பாலும் நோயாளியுடையதாக இருக்காது. வீட்டுக்கு ஒரு நம்பர். சிங்கப்பூரில் இருக்கும் மூத்தவன் வாங்கிக் கொடுத்த போன், கொழுந்தனின் போன், சில சமயம் தெருமுனை செல்போன் கடைக்காரரின் நம்பர். அதை அடித்தால் ஒரு குடும்பமே வரிசையாகத் திரையில் வந்து நிற்கும். வயது என்ன, கடைசியாக எதற்கு வந்தீர்கள் என்று கேட்டு, அந்த வரிசையில் ஆளைப் பிடிப்பார்கள். பல ஆண்டுகள் இப்படித்தான் நடந்தது. யாரும் தொலைந்து போகவில்லை.

பிறகு அந்தச் சர்வரின் வெர்ஷன் பழசாகிவிட்டது, புதியதற்கு மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள். அதில் பொய் இல்லை. பழையதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்று போயிருந்தது. சென்னையில் ஒரு நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தார்கள். அதன் பொறியாளன், என் மூத்த மகளைவிடச் சற்றுப் பெரியவனாக இருக்கலாம், வீடியோ அழைப்பில் வந்தான். என் பக்கத்தில் மேலாளர் உட்கார்ந்திருந்தார்.

"மேடம், உங்க டேட்டா ரொம்ப அழுக்கா இருக்கு. ஒரே மொபைல் நம்பர்ல ஆறு பேரு, ஏழு பேரு. எல்லாம் டூப்ளிகேட்."

"டூப்ளிகேட் இல்ல தம்பி. அது குடும்பம்" என்றேன்.

அவன் சிரித்தான். "சென்னையில எங்க கிளையன்ட் யாருகிட்டயும் இப்படி இல்ல மேடம்."

"இது சென்னை இல்லீங்களே. ரயிலே வராத ஊரு."

மேலாளருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ரயில் வராட்டி என்னம்மா, ஃபைபர் வந்துருச்சுல்ல?" என்றார். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். எங்கள் செட்டிங்ஸை ஒன்று விடாமல் அப்படியே கொண்டு போக வேண்டும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். எழுதியும் அனுப்பினேன். "நோட் பண்ணிட்டேன் மேடம்" என்று பதில் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றினார்கள். மாதா கோவிலில் பூசை முடிந்ததும் குரும்பலூரில் உள்ள வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்து உட்கார்ந்தேன். பழைய வெர்ஷனின் இண்டெக்ஸைப் புதியது நேரடியாகப் படிக்காது. பதிவுகளை எல்லாம் வெளியே கொட்டி, புதியதற்குள் மறுபடி ஊற்றி, இண்டெக்ஸைப் புதிதாகக் கட்ட வேண்டும். திரையில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. கடைசியில் பழைய சர்வரின் மொத்தமும் புதிய சர்வரின் மொத்தமும் ஒன்றாக நின்றன.

"கவுன்ட் மேட்ச்!" என்று சென்னையிலிருந்து குரல் வந்தது. மேலாளர் கை தட்டினார். காபியும் காராசேவும் வந்தன.

"செட்டிங்ஸ்?" என்று கேட்டேன்.

"போட்டாச்சு மேடம்."

அவன் பொய் சொல்லவில்லை. செட்டிங்ஸ் போட்டிருந்தான், எதை என்பதுதான் எனக்குப் பிறகு தெரிந்தது. எங்களுடையதை அல்ல, அவர்கள் எல்லா மருத்துவமனைக்கும் போடுகிற அச்சு ஒன்றை. அதில் ஒரு வரி: ஒரு கைபேசி எண்ணுக்கு ஒரு பதிவை மட்டும் காட்டு. ஆளுக்கொரு போன் வைத்திருக்கும் ஊருக்கு அது நல்ல வரிதான். சோதனைக்கு எங்கள் நோயாளிகளின் நம்பரைப் போட்டுப் பாருங்கள் என்றேன். "பேஷன்ட் டேட்டா நாங்க தொடக்கூடாது மேடம், ரூல்ஸ்" என்று சொல்லி, தன் நம்பரையும் தன் கூட்டாளிகளின் நம்பரையும் புது நோயாளிகளாகப் பதிந்து சோதித்தான். ஒவ்வொருவனும் ஒழுங்காகத் தனித்தனியே வந்து நின்றான்.

திங்கட்கிழமை காலை, கவுன்ட்டரில் நெடுநாளாக இருக்கும் அம்மாள் என்னைப் பார்த்ததும், "மேடம், புது மெஷினு ரொம்ப சுத்தம்" என்றார். "ஒருத்தரக் கூப்புட்டா ஒருத்தர்தான் வராரு. முன்ன மாதிரி பங்காளி, சம்பந்தின்னு ஊரே வந்து நிக்கல."

"ஆளு கிடைக்குதா?" என்றேன்.

"அது என்னமோ, காலையிலேருந்து எல்லாம் புதுப் பேஷன்ட்டாவே வராங்க. அறுபது வயசுக்காரரு, இங்கயே கண்ணு ஆபரேஷன் பண்ணவரு, அவரும் புதுசாம். பதிஞ்சு அனுப்பிட்டேன்."

நேராக மேலாளரிடம் போனேன். ஏதோ மறைகிறது, உடனே பார்க்க வேண்டும் என்றேன். அவர் கைபேசியிலிருந்து தலையை எடுக்கவில்லை. "பாத்துக்கலாம்மா. அரியலூர்க் கிளையில பிரின்ட் வரலன்னு கத்துறாங்க. முதல்ல அங்க போயிட்டு வந்துடுங்க." நான் மறுபடி சொன்னேன். "கவுன்ட் மேட்ச் ஆயிடுச்சுல்ல? வந்த முதல் நாளே குறை சொன்னா எப்படி?" என்றார். நான் பஸ் ஏறினேன்.

அரியலூரில் பிரின்டரின் வயர் கழன்றிருந்தது. அதை மாட்டிவிட்டு, அங்கிருந்த கம்ப்யூட்டரில் என் நம்பரை அடித்தேன். என் மூத்த மகளின் பெயர் மட்டும் வந்தது. நான் இல்லை. என் கணவர் இல்லை. இளையவள் இல்லை. சென்னைக்குப் போன் செய்தேன். மீட்டிங்கில் இருப்பதாகச் செய்தி வந்தது. பெரம்பலூர் பஸ்ஸில் ஏறி, மேலாளரின் நம்பரைப் போட்டுக்கொண்டே இருந்தேன். அவர் எடுக்கவில்லை. அப்போது கவுன்ட்டர் அம்மாளிடமிருந்து அழைப்பு வந்தது.

"மேடம், பயந்துக்காதீங்க. பாப்பா இங்கதான் இருக்கு."

பயந்துக்காதீங்க என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஊசி என்று கேட்டது. ஐசியூ என்று கேட்டது. முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. நான் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றேன்.

"உக்காருங்கம்மா. நீங்க நின்னா மட்டும் பஸ்ஸு பறந்துருமா?" என்றார் கண்டக்டர்.

"என் பொண்ணு ஐசியூல இருக்குதுங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு டிரைவரிடம் போய் ஏதோ சொன்னார். ஹாரன் அடித்துக்கொண்டே போனார்கள். லாரிகள் விலகவில்லை, அந்த ரோட்டில் லாரிகள் விலகுவதில்லை.

என்ன நடந்தது என்பதைப் பிறகு அவள் சொல்லித்தான் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். கல்லூரியில் கடுமையான காய்ச்சல், தொண்டை வீக்கம். ஆசிரியை ஒருவர் ஆட்டோவில் கூட்டி வந்திருக்கிறார். கவுன்ட்டர் அம்மாள் சாப்பிடப் போயிருக்க, புதுப் பெண் ஒருத்தி இருந்திருக்கிறாள். என் மகளை அவளுக்குத் தெரியாது. ஸ்டாஃப் வீட்டுப் பிள்ளை என்று சொல்லி வரிசையைத் தாண்டக் கூடாது என்று நான் வளர்த்த பிள்ளை. அதனால் அவளும் சொல்லவில்லை. என் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். அக்கா பெயர் வந்திருக்கிறது.

"உன் பேரு வரலையே பாப்பா. புதுசா போட்டுடறேன்."

ஊசி அறையில் நர்ஸ் கேட்கத்தான் செய்தார். ஏதாவது மருந்து ஒத்துக்காதா என்று. காய்ச்சலில் கண் திறக்க முடியாமல், "கம்ப்யூட்டர்ல இருக்குங்க" என்றாளாம். நர்ஸ் திரையைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் போடலையே கண்ணு" என்றாராம். இவள் சும்மா இருந்துவிட்டாள். டாக்டர் எழுதிய பென்சிலின் வகை ஊசிக்கு முன், முன்கையில் சோதனைக்குப் போட்ட சிறு துளியே போதுமானதாக இருந்தது. உதடு தடித்து, தொண்டை அடைத்து, நாற்காலியிலிருந்து சரிந்திருக்கிறாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது முகத்தில் ஆக்சிஜன் மூடி இருந்தது. கண் இமைகள் வீங்கி, எதிரே நிற்பது நான் என்றுகூட அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ. கையை மட்டும் அசைத்தாள். எங்கள் டாக்டர்கள் கெட்டிக்காரர்கள், வேகமாகச் செயல்பட்டார்கள், பிழைத்தாள். அதை நான் மறுக்கவில்லை.

பேச முடிந்ததும் அவள் சொன்னது இதுதான்: "ஒண்ணும் இல்லன்னு காட்டுச்சும்மா. எனக்கு அது சரியாயிருச்சு போல, அதான் நீ எடுத்துட்டேன்னு நெனச்சேன்."

இந்த ஒரு வாக்கியத்தை நான் இன்னும் தாண்டவில்லை. பாத்திரம் கழுவும்போதும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும் அது வருகிறது.

அந்த வாரம் ஒரு கூட்டம் போட்டார்கள். சென்னைப் பொறியாளன், "இது பக் இல்ல சார், கான்ஃபிக்" என்றான். மென்பொருளில் பிழை இல்லை, செட்டிங்ஸ்தான் என்று பொருள். எங்கோ ஒரு பெட்டியில் டிக் மாறியிருப்பதைப் பற்றிப் பேசும் குரல். மேலாளர் என்னைப் பார்த்து மென்மையாகப் பேசினார்: "டெஸ்ட் டோஸ் போட்டதாலதான் கண்டுபுடிச்சோம். நம்ம முறை வேலை செஞ்சிருக்கு. கடவுள் புண்ணியத்துல யாருக்கும் ஒண்ணும் ஆகல." யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதைச் சொன்னபோது இரண்டு தளம் மேலே என் மகள் கஞ்சியை விழுங்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்றேன். மாற்றக் கோரிக்கை எழுதி, ஒப்புதல் வாங்கி, அடுத்த பராமரிப்பு நாளில் செய்வோம் என்றார்கள். அதுவரைக்கும்? மேலாளருக்கு ஒரு யோசனை தோன்றியது. மறுநாள் கவுன்ட்டர் கண்ணாடியில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது: ஒவ்வொரு நோயாளியும் தங்களுடைய சொந்தக் கைபேசி எண்ணைத் தர வேண்டும்.

அதன் முன்னால் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அரியலூர்ச் சுரங்கப் பக்கத்து ஊர். "எனக்கு ஏதுங்க நம்பரு? வூட்டுக்கு ஒரு போனு. அதை அவரு லாரிக்கு எடுத்துட்டுப் போயிருக்காரு."

"அப்ப புள்ளைக்கு?" என்றாள் புதுப் பெண், அறிவிப்பைக் காட்டி.

"ஏங்க, இதுக்குப் பல்லே இன்னும் மொளைக்கலீங்க, போனுக்கு எங்க போகும்?"

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, யாரிடமும் ஒப்புதல் கேட்காமல் அந்த வரியை நீக்கினேன். ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. கவுன்ட்டர்களில் குடும்பங்கள் மறுபடி வரிசையாக வந்து நின்றன. எதற்காக விதிமீறினீர்கள் என்று என்னிடம் விளக்கம் கேட்டார்கள். கொடுத்தேன். அந்த அறிவிப்பை இன்றுவரை யாரும் கிழிக்கவில்லை. தவறு நோயாளிகளுடையதுதான் என்று அது ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

வரியை நீக்கியதும் நான் முதலில் அடித்தது என் நம்பரைத்தான். என் கணவர், நான், மூத்தவள், இளையவள். அதற்குக் கீழே மறுபடி இளையவள். ஒரு பதிவில் நான் போட்ட சிவப்பு வரி. மற்றதில், அந்தத் திங்கட்கிழமை புதிதாகத் திறந்ததில், ஒவ்வாமை: எதுவும் இல்லை. எங்கள் குடும்பத்தில் அழுக்கே இல்லாத இடத்தில் அவர்கள் சுத்தம் செய்து உண்டாக்கிய ஒரே டூப்ளிகேட் அது.

அதை அழிக்கச் சொல்லிக் கேட்டேன். ஐசியூ பில் அந்தப் பதிவில்தான் இருக்கிறது, கணக்குத் தணிக்கை முடியாமல் தொட முடியாது என்றார்கள். அதற்குள்ளும் சிவப்பு வரியைப் போடப் பார்த்தேன். பில் முடிந்த பதிவு பூட்டிக்கொள்ளும் என்பதும் புதிய வெர்ஷனின் செட்டிங்ஸில் ஒன்று.

அவள் இப்போது கம்ப்யூட்டரை நம்புவதில்லை. எங்கு போனாலும் உட்காருவதற்கு முன்பே, "எனக்குப் பென்சிலின் ஆகாது" என்று சொல்லிவிடுகிறாள், மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை வாங்கும்போதுகூட. கடைக்காரர்கள் விசித்திரமாகப் பார்க்கிறார்கள். நான் தினமும் காலையில் வேலையைத் தொடங்கும் முன் என் நம்பரை அடித்துப் பார்க்கிறேன். இளையவள் இன்னும் இரண்டு பேராக வருகிறாள். சிவப்பு வரி உள்ள மகளா, இல்லாத மகளா, எவள் முதலில் வருகிறாள் என்று பார்த்துவிட்டு, பிறகுதான் பையைக் கீழே வைக்கிறேன்.