நேரத்துக்குப் புகட்டிய பால்

என் தங்கையின் கணவரை, அவர் வேலை பார்த்த பேருந்துப் பணிமனையில் எல்லாரும் ‘விசில்’ என்றே அழைத்தனர். நேரக்காப்பாளர் என்பது அவருடைய பதவி. கண்ணாடிச் சன்னல் வைத்த தகரக் கொட்டகைக்குள் அமர்ந்து, ஒவ்வொரு வண்டியும் புறப்பட வேண்டிய நேரத்தில் விசில் ஊதுவது அவர் தொழில். ஓட்டுநர்கள் அந்த விசிலைச் சட்டை செய்ததே இல்லை. தேநீரைக் குடித்து முடித்து, பக்கத்து வண்டிக்காரனை நாலு வார்த்தை கிண்டல் செய்துவிட்டு, தாம் விரும்பியபோது புறப்பட்டனர். விசில் அதற்காக வருந்தவும் இல்லை. அட்டவணையில் எந்த நேரம் அச்சிடப்பட்டிருந்ததோ, அதையே புறப்பட்ட நேரமாக எழுதினார். வண்டி கண்ணெதிரே நின்றுகொண்டிருக்கையில் அது போய்விட்டதாக எழுதக்கூடிய மனிதர் அவர். பணிக்காலம் முழுவதையும் இவ்வாறே கழித்துவிட்டு, தம் காலத்தில் ஒரு வண்டிகூடத் தாமதமானதில்லை என்று உறவினர் வீடுகளில் அளந்துகொண்டும் திரிந்தார்.

ஓய்வு பெற்றபின் ஊதுவதற்கு விசில் இல்லை. அதட்டினால் அஞ்சுவதற்கு ஆளும் இல்லை. என் தங்கை வீட்டின் முன்னறையில் தையற்கடை நடத்துகிறாள். அவர் பேசத் தொடங்கினால் அவள் தையல் இயந்திரத்தை வேகமாக மிதிப்பாள். அந்நிலையில்தான், வெளிநாட்டில் வேலை பார்க்கும் அவர்களுடைய மகள், பிள்ளைப்பேற்று விடுப்பு முடிந்து, எட்டு மாதக் குழந்தையுடன் தாய்வீட்டிலிருந்து அங்கே திரும்ப வேண்டிய நாள் நெருங்கியது. அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பது கேள்வி. காப்பகத்தில் விட அவளுக்கு மனம் ஒப்பவில்லை. விசில் அந்தப் பொறுப்புக்குத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டார். ஓராண்டு அங்கேயே தங்கிப் பேத்தியை வளர்ப்பதாக அறிவித்தார். தமக்குக் கட்டுப்படும் ஒரே உயிர் இனி அதுதான் என்று அவர் கணக்கிட்டிருக்க வேண்டும்.

மகள் உடனே தலையாட்டிவிடவில்லை. தன் தகப்பனை அவள் அறிவாள்.

“முதல்ல பிளேன்ல நீங்களே பாப்பாவைப் பாத்துக்குங்கப்பா. எப்படின்னு பாத்துட்டு அப்புறம் பேசலாம்” என்றாள்.

அன்று முதல் வீட்டின் கூடம் விமானமாயிற்று. விசில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, பேத்தியை மடியில் வைத்து, மேல்துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். விமானத்தின் இரைச்சலுக்காக மிக்ஸியை வெறுமனே ஓடவிட்டார். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தைக்குக் காது அடைத்து வலிக்கும். அப்போது எதையாவது விழுங்கிக்கொண்டிருந்தால் வலி தெரியாது. இதை யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். தாமே கண்டுபிடித்ததைப் போல அதைத் தெருவில் இருந்த அத்தனை தாய்மார்களுக்கும் விளக்கினார்.

“மிக்ஸில எதையாவது போட்டு அரைங்களேன். உங்க மூளையைப் போட்டா பாதி ஜாருக்குக்கூட வராது” என்று என் தங்கை முன்னறையிலிருந்தே கூறினாள். கணவர் ஓராண்டு வெளிநாட்டில் இருப்பதில் அவளுக்கு எவ்வித மறுப்பும் இருக்கவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

என் மகன் அதே ஊரில் இருப்பதால், அவனைப் பார்க்க நானும் அவர்களுடன் புறப்பட்டேன். சன்னலோரம் விசில், நடுவில் மகள், ஓரத்தில் நான். குழந்தை விசிலின் மடியில் இருந்தது. கீழே ஒரு பை. அதில் விளையாட்டுப் பொருள்களை ஒவ்வொரு மணிக்கும் ஒன்றாகப் பிரித்து, தனித்தனித் துணிப்பைகளில் முடிந்து வைத்திருந்தார். குழந்தை அமர்ந்தவுடனேயே, ஒரு முடிச்சிலிருந்து வெளியே எட்டிப்பார்த்த சிவப்புக் கிலுகிலுப்பையைக் கண்டுவிட்டது. இரு கைகளையும் நீட்டித் தாவியது.

“அது மூணாவது மணிக்குடா கண்ணு” என்று சொல்லி, விசில் அதை உள்ளே தள்ளினார். எட்டு மாதக் குழந்தைக்கு மூன்றாவது மணியைப் பற்றி விளக்கம் கூறிய ஒருவரை நான் அன்றுதான் முதன்முதலில் கண்டேன். அதற்குப் பதிலாக அவர் கொடுத்த மரக்குதிரையைக் குழந்தை முன்னிருக்கைக்காரரின் தலைமீது எறிந்தது. அந்தத் தீர்ப்பு எனக்குச் சரியாகவே பட்டது.

கதவுகள் சாத்தப்பட்டன. ஆனால் விமானம் நகரவில்லை. ஓடுபாதையில் நெரிசல் இருப்பதாகவும், காத்திருக்க வேண்டும் என்றும் அறிவித்தார்கள். விசில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பயணச்சீட்டைப் பார்த்தார், பால்புட்டியைத் திறந்தார்.

“அப்பா, இப்ப குடுக்காதீங்க. இன்னும் கிளம்பவே இல்லை.”

“நேரம் ஆயிடுச்சும்மா.”

“வண்டி நின்னுட்டுதானேப்பா இருக்கு?”

“சீட்டுல என்ன போட்டிருக்கு, பாரு” என்று அவர் பயணச்சீட்டை மகளின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

மகள் மேற்கொண்டு வாதாடவில்லை. ஒப்படைத்த பொறுப்பில் இறுதிவரை தலையிடுவதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தது அவளுடைய இறுகிய உதடுகளில் தெரிந்தது. குழந்தை பசியோடு இருந்ததால் புட்டியை அடிவரை உறிஞ்சியது. விசில் வெறும் புட்டியை உயர்த்தி எனக்குக் காட்டினார். விமானம் அசையாமல் நின்றது.

நெடுநேரம் கழித்து அது ஓடத் தொடங்கி மேலே எழும்பியபோது, குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டது. விசில் வெறும் புட்டியை அதன் வாயில் திணித்தார். நிரம்பிய வயிற்றோடு இருந்த குழந்தை அதைத் துப்பியது. அவர் உதட்டைக் குவித்து விசிலடித்துப் பார்த்தார். அதற்குக் குழந்தை மட்டுமன்றி, சுற்றியிருந்த பயணிகளும் முகம் சுளித்தனர். அவர் மடியில் போட்டு ஆட்டிய ஆட்டத்தில், குடித்த பால் முழுவதும் அவருடைய சட்டைக்கே திரும்பி வந்தது.

மகள் குழந்தையை வாங்கிக்கொண்டாள். நிமிர்த்தித் தோளில் சாய்த்து, முதுகை நீவிவிட்டு, அது சற்று அடங்கியபின் வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாகச் சப்பவைத்தாள். மூன்றாவது மணிக்குரிய முடிச்சை அவிழ்த்துக் கிலுகிலுப்பையை அதன் கையில் கொடுத்தாள். விசில் சட்டையைத் துடைத்தவாறே, விமானக்காரர்கள் நேரத்துக்கு எடுத்திருந்தால் குழந்தை அழுதிருக்காது என்று முன்னிருக்கைக்காரரிடம் முறையிட்டார். மரக்குதிரையால் அடிபட்ட அவரோ, தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். கேட்பதற்கு ஆள் இல்லாமற்போகவே விசில் உறங்கினார். வாய் திறந்திருந்தது.

எஞ்சிய பயணம் முழுவதும் மகளே குழந்தையுடன் இடைவழியில் நடந்தாள். காகிதக் கோப்பையைக் கசக்கக் கொடுத்தாள்; சன்னல் மறைப்பை ஏற்றி இறக்கிக் காட்டினாள்; கால் வலித்தபோது குழந்தையைச் சற்று நேரம் என்னிடம் தந்தாள். விமானம் தாழத் தொடங்கியதும், தன் காது அடைக்கிறதா என்று எச்சிலை விழுங்கிப் பார்த்து, அடைத்த அந்தக் கணத்தில், புதிதாகப் பால் கலந்து வைத்திருந்த புட்டியைக் கொடுத்தாள். குழந்தை உறிஞ்சிக்கொண்டே உறங்கிவிட்டது. சக்கரங்கள் தரையில் மோதிய அதிர்ச்சியில் விசில் விழித்தார்.

“பாத்தியாம்மா? இறங்கும்போது சத்தமே இல்லை. எல்லாம் நான் குடுத்த பயிற்சி” என்றார்.

அவள் குழந்தையின் வாயிலிருந்து புட்டியை எடுத்து மூடினாள். பெட்டிகள் சுழன்று வரும் இடத்துக்கு வந்தபின்தான் வாயைத் திறந்தாள்.

“அப்பா, ரெண்டு வாரம் இருந்து ஊரைச் சுத்திப் பாத்துட்டுக் கிளம்புங்க.”

“அப்ப பாப்பாவை யாரு பாத்துக்குவா?”

“காப்பகத்துல விடப் போறேன்.”

“அங்கல்லாம் ஒரு ஒழுங்கு இருக்காதும்மா.”

“பசிக்கும்போது பால் குடுப்பாங்கப்பா. அது போதும்.”

விசில் என்னிடம் திரும்பினார். சட்டையில் பால் காய்ந்து நாறியது. “மச்சான், பிளேன் லேட்டாக் கிளம்பினதை நீங்களும் பாத்தீங்கல்ல? நீங்களே சொல்லுங்க” என்றார்.

“பாத்தேன் மாப்பிள்ளை. பாக்காதது நீங்க ஒருத்தர்தான்” என்றேன்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. எங்களை அழைத்துப்போக வாயிலில் காத்திருந்த அவருடைய மருமகன் குழந்தையை வாங்கக் கை நீட்டியபோது, அவர் முந்திக்கொண்டு நடுவில் புகுந்தார். நலம்கூட விசாரிக்காமல், அந்த விமான நிறுவனத்தில் ஒழுங்கான நேரக்காப்பாளர் ஒருவர்கூட இல்லை என்று சொல்லத் தொடங்கினார். மருமகன் தலையாட்டிக்கொண்டே அவரைச் சுற்றிச் சென்று குழந்தையை வாங்கிக்கொண்டார்.