தியோஃபிலாவின் சுத்தம்

தியோஃபிலா இருபத்தாறு வருடம் டிராம் ஓட்டியவள். கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் தானே ஒருமுறை கூட்டிவிட்டுத்தான் இறங்குவாளாம். அதே கையோடுதான் எங்கள் பங்குக் கல்லறைத் தோட்டத்துக்கும் வருவாள். அங்கே அவளுடைய ஆறு வயது மகள் கிங்கா ஐம்பது வருடமாகத் தூங்குகிறாள். அடுத்த வரிசையில் என் அப்பா.

நவம்பர் முதல் தேதி, இறந்தவர்களை நினைத்து ஊரே வந்து கண்ணாடிக் கூட்டில் மெழுகு விளக்கேற்றும். இரண்டு நாளில் கரி பிடித்த கண்ணாடியும் உருகிய பிளாஸ்டிக்கும் கல்லுக்குக் கல் குவிந்து கிடக்கும். பனி விழும்வரை அப்படியே கிடக்கும். அன்பென்று அதற்குப் பெயர். தியோஃபிலா மட்டும் மூன்றாம் தேதி விடியும்போதே வந்து, அணைந்த விளக்குகளைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவி வைப்பாள். கிங்காவின் கல்லில் ஒரு சொட்டு மெழுகு இருக்காது.

இந்த மார்ச்சில் அந்தக் கல்லில் மஞ்சள் அட்டை ஒட்டியிருந்தது: "கவனிப்பாரற்ற கல்லறை. அகற்றப்படும்."

அவளோடு நானும் தோட்ட அலுவலகத்துக்குப் போனேன். செவரின் என்ற எழுத்தர் எழுந்துகூட நிற்கவில்லை.

"விஸ்துலா ஆத்து வெள்ளத்துல பழைய பதிவேடெல்லாம் போயிடுச்சும்மா. யாரு வர்றா, யாரு வரலன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? மூணாம் தேதி காலைல ஒரு சுத்து வருவோம். விளக்கு இல்லாத கல்லைக் குறிச்சுக்குவோம். உங்க கல்லுல மூணு வருஷமா ஒண்ணுமே இல்ல."

"நான்தான் எடுத்துட்டேனே!"

"எடுக்கச் சொன்னது யாரு?"

"அணைஞ்சா அது குப்பை, தம்பி. பிள்ளை தலைமாட்டுல குப்பையைப் போட்டு வெச்சாத்தான் நான் தாயா?"

"சுத்தத்தை நான் எந்தக் கட்டத்துலம்மா குறிக்கறது?"

"கல்லைச் சுத்தி ஒரு இலை கிடந்துச்சா? காத்து வந்து கூட்டிட்டுப் போச்சுன்னு நெனச்சியா?"

செவரின் காதைச் சொறிந்தான். "சரி, அட்டையை எடுத்துடறேன். ஆனா வர்ற நவம்பர்ல விளக்கு இருக்கணும். இல்லாட்டி மறுபடியும் ஒட்டுவாங்க. அப்ப நான் இங்க இருப்பேனோ என்னமோ."

நினைவு என்பது என்ன என்று எவ்வளவோ படித்திருக்கிறேன். எச்சத்தை எண்ணி அதை அளக்கும் மடமையை எங்கும் படித்ததில்லை.

இந்த நவம்பர் நான்காம் தேதி அப்பாவைப் பார்க்கப் போனேன். கிங்காவின் கல்மேல் ஐந்து விளக்குகள், அணைந்து, கரி படிந்து. எதிரே இருந்த பெஞ்சில் தியோஃபிலா, அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் காலிப் பை.

"குறிக்கறவங்க வந்துட்டுப் போனாங்களா?" என்றேன்.

"நேத்தே வந்திருக்கணும். இன்னும் இல்ல," என்றாள். கை பையை மடித்தது, பிரித்தது, மறுபடி மடித்தது.