ஈயச் சொம்பும் பன்றிக் குண்டும்

எங்கள் வீட்டு ரசச் சொம்பைக் காட்டுப் பன்றிகள் மேல் சுட்டுத் தீர்த்தோம் என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அது உருகிய நாளில் நான் அழுத அழுகையை அவர்கள் பார்த்ததில்லை.

அது வெள்ளைக்காரனை விரட்டிவிட்டு ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலம். அப்பாவுக்கு பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வேலை. சயாமில் தண்டவாளம் போட ஆள் வேண்டுமென்று கூட்டிக்கொண்டு போனார்கள். ஆறு மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னதும் அம்மா என்னையும் ஒரு மூட்டையையும் தூக்கிக்கொண்டு, கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் இருந்த மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

மாமா அம்மாவின் தம்பி, கல்யாணம் ஆகாதவர். தோட்டத்துத் துரைக்குக் கார் ஓட்டியவர். துரை சிங்கப்பூருக்கு ஓடிப்போய் வெகுநாளாகியும் மாமாவின் வாயை விட்டு அவர் போகவில்லை. "துரை எப்படிச் செய்வாரு தெரியுமா?" என்று கேட்காமல் மாமாவால் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது.

அம்மாவின் மூட்டையில் அந்த ஈயச் சொம்பு இருந்தது, சுத்த வெள்ளீயம். கல்யாணச் சீராக வந்தது. கடையில் அதை வாங்கும்போது விளிம்பை லேசாக வளைத்துக் காதருகே வைத்து, கறகறவென்ற சத்தம் கேட்ட பிறகுதான் சம்மதித்தாளாம். காரீயம் கலந்திருந்தால் அந்தச் சத்தம் வராது, அது சமையலுக்கும் ஆகாது என்று பெருமையாகச் சொல்வாள். மாமா வீட்டில் பருப்பும் இல்லை, மிளகும் இல்லை. மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்குதான். சொம்பு சும்மா ஆணியில் தொங்கியது. ஆனாலும் வாரம் ஒருமுறை சாம்பல் போட்டுத் தேய்த்து வைப்பாள். "அப்பா வரட்டும், மொத நாளு இதுலதான் ரசம்" என்பாள். அப்பா அதைக் குடிக்கவே மாட்டார், உறிஞ்சுவார். நான் சொம்பைப் பார்க்கும்போதெல்லாம் அந்த உறிஞ்சும் சத்தம் கேட்கும்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த மரவள்ளிக் கொல்லைதான் எங்கள் மூவர் வயிற்றுக்கும் ஆதாரம். அதில் பன்றிகள் புகுந்தன. ஒரே வாரத்தில் இரண்டு பாத்தி போயிற்று. வேலி கட்டினோம், தகரம் தட்டினோம், அவை அசையவில்லை. ஒருநாள் மாமா கோழிக்கூண்டுக்கு அடியில் தோண்டி, துரை ஓடும்போது விட்டுப்போன பெட்டியை எடுத்தார். உள்ளே ஒரு பெரிய ரிவால்வர், காலித் தோட்டாக்கள், வெடிமருந்து, குண்டு வார்க்கும் அச்சு எல்லாம் இருந்தன.

துப்பாக்கி இருப்பது தெரிந்தால் தலை போய்விடும் காலம் அது. சுற்று வட்டாரத்தில் எல்லோரும் பொழுது சாயும்போது பன்றி விரட்ட மூங்கில் வெடி போடுவார்கள். அந்தச் சத்தத்தோடு சத்தமாக இதுவும் போய்விடும் என்பது மாமாவின் கணக்கு. என் வாயைத்தான் யாரும் நம்பவில்லை. "லயத்துப் பிள்ளைங்களோட இனிமே விளையாடப் போவக் கூடாது" என்று அம்மா சொல்லிவிட்டாள். ரப்பர் மரங்களுக்கு அப்பால், தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து அவர்கள் கூச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் வாசலில் உட்கார்ந்து, வலது கைக்கும் இடது கைக்கும் போட்டி வைத்து அஞ்சாங்கல் ஆடுவேன். எப்போதும் வலது கையே ஜெயித்தது. அந்த மாதங்களில் நான் கோழிகளோடு பேசியது அதிகம்.

வலைக்குக் கட்டும் காரீயக் குண்டுகளை மீன்பிடிக்கிறவர்களிடம் வாங்கி வந்து, உருக்கி, மாமா முதல் ஈடு வார்த்தார். பளபளவென்று அழகாகத்தான் இருந்தன. சாயங்காலம் நான்கு முறை சுட்டார். முதல் இரண்டும் பன்றிக்குப் பக்கத்தில் போயின. மற்றவை எங்கே போயின என்று பன்றிக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது.

மறுநாள் துப்பாக்கிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே, குண்டைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளங்களெல்லாம் சாம்பல் நிறத்தில் அடைத்துக் கிடந்தன.

"காரீயம் ஒட்டிக்கிச்சுக்கா. பழகாத கல்லுல தோசை ஒட்டுதுல்ல, அந்த மாதிரி. அப்புறம் குண்டு எங்க நேராப் போவும்?"

"அப்படின்னா எண்ணெய் தடவு" என்றாள் அம்மா.

துரையும் ஏதோ தடவுவார் என்பது மாமாவுக்கு ஞாபகம் வந்தது. தேன் மெழுகில் தேங்காய் எண்ணெய் கலந்து குண்டுகளுக்குப் பூசினார். ஒட்டுவது குறைந்தது, நிற்கவில்லை. ஒரு நாள் சுட்டால் மறுநாள் முழுதும் கம்பியும் தேங்காய் நாரும் வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார். பிறகுதான், துரை வெள்ளீயம் சேர்த்துக் குண்டைக் கெட்டியாக்குவார் என்பது நினைவுக்கு வந்தது. கெட்டியான குண்டு குழாயில் இழுபடாது. ஆனால் டவுனில் போய் வெள்ளீயம் கேட்டால், எதற்கு என்ற கேள்வி வரும். மாமாவின் கண் சொம்பு தொங்கிய ஆணிப் பக்கம் போயிற்று. சட்டென்று திரும்பி மறுபடி குழாயைச் சுரண்டத் தொடங்கினார்.

அந்த வாரத்தில்தான் சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவர் எங்களைத் தேடி வந்தார். எலும்பும் தோலுமாக, காலெல்லாம் புண்ணாக இருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா என்னைக் கொல்லைக்குக் கொழுந்து பறிக்க அனுப்பிவிட்டாள். நான் திரும்பியபோது அவர் இல்லை. கொடுத்த தண்ணீர் அப்படியே இருந்தது.

"அப்பாவைப் பாத்தாராம்மா?"

"பாத்தாராம். வேலை இன்னும் முடியலையாம்" என்றாள். கிணற்றடியில் நெடுநேரம் முகம் கழுவினாள்.

மறுநாள் காலையில் சொம்பைக் கழற்றி மாமாவின் முன்னால் வைத்தாள். மாமா திடுக்கிட்டுப் போனார்.

"வேணாங்கா. விளிம்புல ஒரு துண்டு வெட்டிக்கிறேன், போதும்."

"வெட்டின சொம்பை வெச்சு என்னடா செய்யப் போறேன்? முழுசாப் போடு."

நான் சொம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "அப்பா வந்தா எதுலம்மா ரசம் வெப்பே?" அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சட்டியில் சொம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, உட்கார்ந்து, இல்லாமல் போனது. அப்பாவை விட அம்மாவுக்குக் கிழங்குதான் பெரிதாகிவிட்டது என்று நினைத்தேன். நான்கு நாள் அவளோடு பேசவில்லை.

புதுக் குண்டுகள் குழாயில் ஒட்டவில்லை. முதல் மாலையே பெரிய பன்றி ஒன்று விழுந்தது. கொல்லை பிழைத்தது, நாங்களும் பிழைத்தோம். மாமா குழாயை வானத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். உள்ளே சுத்தமாக இருந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

எனக்கு வேறு யோசனை வந்திருந்தது. பன்றிக்குத் தப்பிய குண்டுகள் கொல்லைக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில்தான் புதையும். தினமும் குச்சியால் தோண்டி, நசுங்கிய குண்டுகளை ஒரு சிரட்டையில் சேர்த்தேன். எல்லாம் கிடைத்துவிட்டால் உருக்கி மறுபடி சொம்பு செய்துவிடலாம். அப்பா வருவதற்குள் சிரட்டை நிறைய வேண்டும்.

ஒரு மாலை அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். எதற்கு என்று கேட்டாள், சொன்னேன். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, வெறும் கையால் மண்ணைக் கிளறத் தொடங்கினாள்.

அப்பா அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே சயாம் முகாமில் வாந்திபேதியில் இறந்துவிட்டிருந்தார். வந்த மனிதர் சொல்லிவிட்டுப் போனது அதைத்தான். ஜப்பான்காரன் போன பிறகுதான் அம்மா தாலியைக் கழற்றினாள், அன்றுதான் எனக்குச் சொன்னாள்.

அந்தக் குண்டுகளை உருக்கிச் சொம்பு செய்தாலும், காரீயம் கலந்த ஈயத்தில் ரசம் வைக்க முடியாது. சத்தம் கேட்டுச் சொம்பு வாங்கியவளுக்கு அது தெரியாமலா இருக்கும்?

மண்மேட்டில் என்னோடு தோண்டிய அந்த மாலை அவளுக்கு ஒரு குண்டு கிடைத்தது. முந்தானையில் மண்ணைத் துடைத்து என் கையில் வைத்தாள்.

"இன்னும் எத்தனை வேணும் பாப்பா?"

"நெறைய" என்றேன்.

"சரி, தேடுவோம்" என்றாள். அப்பா சீக்கிரம் வரப்போகிறார் என்று அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது, அதனால்தான் இவ்வளவு அவசரமாகத் தோண்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.