மனைவியின் வளவில் நின்ற மூன்று சில்லுக் கார்

எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆம்பிளை மனைவி வீட்டுக்குத்தான் குடிபோவான். வீடு அவளுடையது, வீட்டைச் சுற்றிய வளவு அவளுடையது, வளவில் விழுகிற தேங்காயும் அவளுடையது. நானும் அப்படித்தான் கல்முனைக்குடியில் ஒரு வளவுக்குள் நுழைந்தேன். ஒரு கையில் உடுப்புப் பை, மறுகையில் ஸ்பெனர் பெட்டி. இரண்டையும் எங்கே வைக்கலாம் என்று கேட்டுத்தான் வைத்தேன். காரை மட்டும் கேட்காமல் கொண்டுவந்துவிட்டேன்.

தண்ணீர்ப் பம்பும், வயலுக்கு மருந்தடிக்கிற மெசினும் திருத்துவது என் தொழில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பம்ப் ஒன்று திருத்த அம்பாறைப் பக்கம் போனேன். அங்கே பழைய பங்களா ஒன்றின் பின்புறம் ஒரு கோழிக்கூட்டைக் கண்டேன். கோழிக்கூட்டுக்கு ஸ்டியரிங் இருந்தது.

பின்னால் இரண்டு சில்லு, முன்னால் ஒன்று. மூக்கைத் திறந்தால், முன் சில்லின் தலையிலேயே ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் ஒன்று குந்தியிருந்தது. உடம்பு அலுமினியத் தகடு, கூரை கன்வஸ் துணி. இரண்டாம் மகாயுத்தம் முடிந்து பெற்றோலும் இரும்பும் தட்டுப்பாடாய்க் கிடந்த காலத்தில், வெள்ளைக்காரன் தன் நாட்டுச் சம்பளக்காரனுக்காகச் செய்த கார். மோட்டார் சைக்கிள் லைசன்சோடு அங்கே இதை ஓட்டலாமாம். என்னிடம் இருந்ததும் அந்த லைசன்ஸ்தான். அப்படியானால் இது எனக்காகத்தான் செய்யப்பட்டது என்று அந்த இடத்திலேயே முடிவுகட்டினேன். பங்களாவில் இருந்த துரை போகும்போது விட்டுவிட்டுப் போனதாம். காவல்காரர் கோழிகளை இறக்கிவிட்டு, மேசை லாச்சிக்குள் கிடந்த பதிவுப் புத்தகத்தையும் தந்தார். நான் அவருடைய பம்பை இனாமாகத் திருத்திக் கொடுத்தேன்.

நெல் ஏற்றுகிற உழவு மெசின் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கியபோது மனைவி வாசலில் நின்றாள்.

"இத எங்க வைக்கப் போறீங்க?"

"வளவிலதான் புள்ள."

"ஆர்ர வளவில?"

பதில் தெரியாத கேள்வி அல்ல அது. தெரிந்தபடியால்தான் குனிந்து காரின் தூசியைத் துடைக்கத் தொடங்கினேன். அவள் கிழக்கு மூலையைக் கைகாட்டினாள். "ஒரு மாசம்" என்றாள். அந்த ஒரு மாசம் ஏழு வருசம் ஓடியது. ஒவ்வொரு மாசமும் ஒரு தடவை, தவறாமல், "இந்தச் சனியன எப்ப தூக்கப் போறீங்க?" என்று கேட்பாள். நானும் தவறாமல், "இந்தா, இந்த மாசம்" என்பேன். மின்சாரப் பட்டியல்கூட அவ்வளவு ஒழுங்காக வருவதில்லை.

ஊர் சும்மா இருக்குமா. கோழிக்கார் என்று பெயர் வைத்தார்கள். என் கடையில் பம்ப் திருத்தக் கொடுத்தவர்கள் பம்பைப் பார்க்காமல் காரைப் பார்க்கப் போனார்கள். அந்த நேரம்தான் ஊருக்குள் இந்தியாவிலிருந்து ஓட்டோக்கள் வந்து இறங்கத் தொடங்கியிருந்தன. மனைவியின் தம்பிக்கு அதைக் கண்டதும் மூளை வேலை செய்தது.

"மச்சான், ஓட்டோ எஞ்சின் ஒண்டப் போட்டு, பின்னுக்கு ஒரு சீற்றும் அடிச்சா, மாக்கட்டுக்கு ஆள் ஏத்தலாம்."

"ஏலாது."

"ஏன் ஏலாது?"

"அப்ப இது ஓட்டோ ஆகிரும்."

"இப்ப மட்டும் இது என்னவாம்?"

அலுமினியச் சட்டி வார்க்கிறவர் ஒருவர் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை வந்து, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாடு பார்க்கிறவர் மாதிரி காரைச் சுற்றி நடந்து, விலாவில் விரலால் தட்டிப் பார்ப்பார்.

"காக்கா, இந்தத் தகட்ட உருக்கினா எத்தின சோத்துச் சட்டி வரும் தெரியுமா? ஒரு கந்தூரிக்கே காணும்."

"உங்கட வீட்டுத் தகரத்தையும் உருக்கலாம். நான் வந்து தட்டிப் பாத்தனா?"

உருக்க விடமாட்டேன், வெட்ட விடமாட்டேன், வேறு எஞ்சின் போடவும் விடமாட்டேன். எனக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டால் ஒழுங்கான பதில் இல்லை. யுத்தத்தில் ஊரில் எல்லாமே உடைந்து, எரிந்து, இடம் மாறிக்கொண்டிருந்த வருசங்கள் அவை. ஒரு சாமானாவது, செய்தவன் செய்தபடியே கிடக்கட்டும் என்று பட்டது. சத்தமாகச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஆகவே, "எனக்கு விசர்" என்று சொல்லிவிடுவேன். அதை எல்லோரும் உடனே ஒப்புக்கொண்டார்கள்.

இந்த மாதிரிக் கார்களைப் பாதுகாக்கிறவர்களுக்கு இங்கிலாந்தில் ஒரு சங்கம் இருப்பதாகப் பழைய சஞ்சிகை ஒன்றில் கண்டு, எனக்குத் தெரிந்த இங்கிலிசையெல்லாம் திரட்டிக் கடிதம் போட்டேன். ஐந்து மாசம் கழித்துப் பதில் வந்தது, யாரோ திறந்து பார்த்து மறுபடி ஒட்டிய கவரில். எஞ்சின் புத்தகத்தின் போட்டோப் பிரதியும் உள்ளே இருந்தது. இந்த வகையில் மிச்சம் இருப்பவை சொற்பம், கழற்றுகிற ஓர் ஆணியைக்கூட எறிய வேண்டாம், பெயர் எழுதி வையுங்கள் என்று எழுதியிருந்தார்கள். மருந்துச் சீட்டு மாதிரி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கழற்றியதையெல்லாம் பிஸ்கற் டின்களில் போட்டுத் துண்டு ஒட்டினேன். நோன்புப் பெருநாளுக்கு வந்த விருந்தாளிகளுக்கு மனைவி டின்னைத் திறந்து நீட்டினால், உள்ளே துருப்பிடித்த சுரையாணி. அன்றைக்கு நான் பகல் சாப்பாட்டைக் கடையில் சாப்பிட்டேன்.

இவ்வளவு பேசுகிறவன் உண்மையையும் சொல்ல வேண்டும். பிஸ்டன் ரிங், தண்ணீர்ப் பம்பின் ரிங்கை அராவிப் போட்டது. சீற் உறை சாரன் துணி. ஓட்டோவின் டயர் அளவெடுத்த மாதிரி அப்படியே பொருந்தியது. அதை மச்சானுக்கு நான் கடைசி வரை சொல்லவில்லை. பெற்றோல் கிடைக்காத மாசங்களில் துளிப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினேன். சந்து மாதிரியான எங்கள் ஒழுங்கையில் காயப்போட்ட உடுப்பெல்லாம் குப்பி லாம்பு மணத்தது. இங்கிலாந்துக்காரர்கள் அறிந்தால் அழுதிருப்பார்கள். ஒழுங்கைக்காரர்கள் அழவில்லை, ஏசினார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் மகளுக்கு மருதமுனையிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வாத்தியார். நல்ல பிள்ளை. மகளுக்கும் விருப்பம். எங்கள் வழக்கப்படி மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும், கட்டினால்தான் கலியாணம். வளவில் வெறுமையாகக் கிடந்தது கிழக்குப் பக்கம் மட்டும்தான். அங்கே கார் நின்றது.

மாப்பிள்ளையின் வாப்பாவும், மாப்பிள்ளையின் தாய்மாமாவும் இடம் பார்க்க வந்தார்கள். வாப்பா அதிகம் கதைக்காத மனிதர். மாமா இருவருக்கும் சேர்த்துக் கதைத்தார். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தார்.

"முதல்ல இந்தக் கோழிக்கூட்டத் தூக்கணும். அதுக்குப் பிறகுதான் அத்திவாரம்."

"கொஞ்சம் தள்ளிக் கட்டினா..." என்று இழுத்தேன்.

"தள்ளியெல்லாம் ஏலாது. நம்மட ஆக்கள் வந்து போற இடம். வீட்டு முகப்பில இது நிண்டா பாக்கிறவன் சிரிப்பான். இத வச்சிக்கிட்டு எங்களால கலியாணக் காவின் எழுத ஏலாது. தூக்கிருவீங்கதானே?"

"ஓம், தூக்கிறன்" என்றேன்.

ஏழு வருசம் சட்டிக்காரனுக்கும் மச்சானுக்கும் மசியாத ஆள், சீனி கரைகிற நேரத்துக்குள் கரைந்து போனேன். பெண்ணைப் பெற்றவனுடைய நாக்கு வேறு நாக்கு. அதற்கு ஓம் என்ற ஒரு சொல்தான் தெரியும்.

அவர்கள் போனதும் மனைவி திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தாள். சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். ஏழு வருசமாக அவள் கேட்டது நடக்கப் போகிறதே.

"ஆரக் கேட்டு ஓம் எண்டீங்க?"

"நீதானே புள்ள தூக்கச் சொன்ன?"

"நான் செல்லுவன். அது நான். அவங்க ஆரு?"

"மாப்புள்ள வீட்டார்."

"மாப்புள்ள வீட்டார் மாப்புள்ளையத் தரட்டும். வளவு என்ட. என்ட உம்மா எனக்குத் தந்த, நான் என்ட புள்ளைக்குக் குடுப்பன். அதுக்குள்ள எது நிக்கும், எது நிக்காது எண்டு நான் செல்லணும். நீங்க எந்தக் காணி உறுதியில கையெழுத்து வச்ச ஆள் எண்டு ஓம் செல்லிட்டு வாறீங்க?"

"கலியாணம் கலைஞ்சா?"

"இண்டைக்குக் காரத் தூக்கு எண்டுவாங்க. நாளைக்குக் கிணத்த மூடு எண்டுவாங்க. நீங்க ஓம் ஓம் எண்டு மண்வெட்டியத் தூக்குவீங்க. காலையில போய்ச் செல்லிட்டு வாங்க. அது நிக்கும் எண்டு செல்லுங்க."

நான் மகளைப் பார்த்தேன். இழக்கப் போவது அவள்தானே. அவள் அடுப்படி வாசலில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு என்ன மகள் விருப்பம்?"

"உம்மா செல்ற மாதிரிப் போய்ச் செல்லுங்க வாப்பா. அவங்க கலியாணம் கேட்டு வந்தது என்னையா, வளவையா?" என்றாள். குரல் இறுக்கமாகத்தான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்று நான் நம்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை அந்தக் காரிலேயே மருதமுனைக்குப் புறப்பட்டேன். போய்ச் சண்டித்தனம் காட்டுகிற எண்ணமில்லை. சைக்கிளில் போனால் பாதி வழியில் திரும்பி வந்துவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும். இந்தக் காருக்கு ரிவேஸ் கியர் இல்லை.

சந்தி தாண்டியதும் ஆமிக் காவல் சென்றியில் மறித்தார்கள். ஆமிக்காரப் பிள்ளை ஒருவர் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தார். அதில் மோட்டார் கார் என்று இருந்தது. குனிந்து சில்லுகளை எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார்.

"மாத்தயா, ஒரு டயர் எங்க?" என்றார், சிங்களம் கலந்த அரைகுறைத் தமிழில்.

"அது இங்கிலாந்திலயே நிண்டுட்டு சேர்."

மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். மூக்கைத் திறக்கச் சொல்லி, முன் சில்லின் மேல் எஞ்சின் இருப்பதைக் கண்டதும் ஒருவர் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு போகச் சொன்னார்கள். பாண்டிருப்பைத் தாண்டும்போது, என்னிடம் பம்ப் திருத்துகிற வயல்காரர் ஒருவர் சைக்கிளில் கூடவே வந்து, "காக்கா, நான் முந்திறன், குறை நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு முந்திப் போனார்.

மாப்பிள்ளை வீடு ஒழுங்கைக்குள் இருந்தது. உள்ளே தறி அடிக்கிற சத்தம் கேட்டது. வாப்பாவும் மாமாவும் முன் அறையில் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தால் கரைந்துவிடுவேன் என்று நின்றுகொண்டே சொன்னேன்.

"நேத்து ஒரு பிழை உட்டுட்டன். கார் நிக்கும். வீடு தள்ளி வரும்."

மாமா நிமிர்ந்தார். "ஆம்பிளை ஒருக்காச் செல்லிட்டு மாத்திறதா?"

"செல்ல உரித்தில்லாத ஒண்டச் செல்லிட்டன். வளவு அவட. எனக்கு அங்க ஒரு தென்னம்புள்ளை புடுங்கவும் ஏலாது."

"அப்ப இந்தக் கலியாணம்?"

"அது உங்கட விருப்பம். நாங்க புள்ளையத் தர ஓம். காரத் தூக்க ஏலாது."

 

உள்ளே தறிச் சத்தம் நின்றது. திரைக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளையின் உம்மா கேட்டார்.

"அவ செல்லி உட்டதா இது?"

"ஓம் ராத்தா."

"அவ செல்றது சரிதானே."

"நீ சும்மா இரி" என்றார் மாமா.

"நான் ஏன் சும்மா இரிக்க காக்கா? இது என்ட வீடு. நடு ஹோல்ல கிடக்கிற என்ட தறியத் தூக்கு, வாறவன் போறவன் சிரிக்கான் எண்டு இந்த மனிசனும் வருசக்கணக்காச் செல்றார். தூக்கினனா?"

மாப்பிள்ளையின் வாப்பா நிலத்தில் எதையோ உற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரே போடிங் விடுதியில் பாயும் தலையணையும் வாங்கிக்கொண்ட இரண்டு பேர் மாதிரி நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாமா மீசையைத் தடவினார். அவரும் தங்கச்சி வீட்டுக் கதிரையில்தான் இருந்தார்.

"அத்திவாரம் வெட்ட ஆக்கள எப்ப வரச் செல்லியிருக்காங்க எண்டு கேளுங்க" என்றார் உம்மா, திரைக்குள்ளிருந்தே. "அதோட, மாப்புள்ளைய அதில ஏத்திக் கொண்டு போற யோசினை ஒண்டும் வேணாம். அந்தப் புகைக்கு நான் சம்மதிக்க மாட்டன்."

தறி மறுபடி அடிக்கத் தொடங்கியது. தேத்தண்ணி வந்தது. இந்த முறை உட்கார்ந்து குடித்தேன்.

வெளியே வந்தால், ஒழுங்கை ஒரு மாட்டுவண்டி அகலம். "எப்படித் திருப்பப் போறீங்க?" என்றார் மாமா, சற்றுச் சந்தோசமாக. முன் சில்லை முழுதாக ஒடித்தேன். கார் நின்ற இடத்திலேயே, தன் வாலைத் தானே தேடுகிற நாய் மாதிரி, ஒரு வட்டம் போட்டுத் திரும்பி நின்றது. நான் கியரைப் போட்டபோது மாமா, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "இன்னொருக்காச் சுத்துங்க பாப்பம்" என்றார்.

இரண்டு தடவை சுற்றிக் காட்டினேன். மூன்றாவதைக் கேட்டிருந்தாலும் சுற்றியிருப்பேன்.

அத்திவாரம் வெட்டுகிற அன்று மேசன் நூலும் முளையுமாக வந்து, கிழக்கு மூலையில் நின்று, "எதில இருந்து அளக்கிற?" என்று என்னைக் கேட்டார். வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டு மனைவி நின்ற பக்கம் கையைக் காட்டினேன்.

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்தாள். காரின் வாலில் கையை வைத்தாள். நான் கண்டு அவள் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "இதில இருந்து" என்று நாலு எட்டு மேற்கே நடந்து, தான் வைத்து வளர்த்த தோடை மரத்தடியில் நின்றாள்.

"இந்த மரத்த வெட்டுங்க, வீடு இதில வரட்டும்" என்றாள் மேசனிடம். என் பக்கம் திரும்பினாள். "இனி அந்தக் கார் நான் நிக்கச் செல்லின சாமான். நாளைக்கு அந்த மண்ணெண்ணெ மணத்தக் கழுவி எடுங்க."