உறை பிரிக்காத டிவி

சோபாவில் உட்காருவதற்கு முன் கவர்க்காரர் இரண்டு கைகளாலும் அதன் பிளாஸ்டிக் உறையை நீவி விடுவார். பிறகு குளத்து நீரில் இறங்குகிறவரைப் போல மெல்ல மெல்ல இறங்கி அமர்வார். அவசரப்பட்டால் உறை நகரும். கூடவே ஆளும் நகர்ந்து தரைக்கு வந்துவிடுவார். இந்த வீட்டுக்குப் புதிதாக வந்த மாப்பிள்ளைக்கு முதல் நாளே அந்த மரியாதை நடந்தது. "பாத்துங்க மாப்பிள்ள, கடைக்காரர் சோபா" என்று மாமனாரான கவர்க்காரர் பதறி ஓடிவந்தார். அந்தப் பதற்றம் தனக்காகவா சோபாவுக்காகவா என்பது மாப்பிள்ளைக்கு இன்றுவரை விளங்கவில்லை. மகளைக் கேட்டால் சிரிக்கிறாள்.

கவர்க்காரர் வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவர். தெருவில் பெயிண்டர் என்று யாரும் கூப்பிடுவதில்லை, கவர்க்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். காரணம் இருக்கிறது. ஓர் அறைக்கு வண்ணம் அடிக்க அழைத்தால், காலை நேரம் முழுவதும் அந்த அறையில் உள்ள சாமான்களைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடிக்கொண்டிருப்பார். கட்டில், பீரோ, சுவர்க் கடிகாரம், கதவுக் கைப்பிடி என்று எதையும் விடமாட்டார். ஒரு வீட்டில், ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து கண்ணயர்ந்துவிட்ட வீட்டுக்காரரின் செருப்புகளையும் தனித்தனியாகச் சுற்றி வைத்துவிட்டார். எழுந்தவர் செருப்பைக் காணோம் என்று வீட்டையே இரண்டாக்கினார். "அடுத்தவங்க பொருளுங்க. ஒரு சொட்டு விழுந்தாலும் நம்ம பேரு போயிடும்" என்று சாவதானமாக உறையைப் பிரித்துக் கொடுத்தார் நம் ஆள்.

இதே கொள்கையை அவர் தன் வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் வினை.

வீட்டுச் சாமான் எல்லாம் கடைத்தெருவில் உள்ள ஒரே கடையில் தவணையில் வாங்கியவை. கடைசித் தவணை கட்டும்வரை பொருள் கடைக்காரருடையது, தான் பார்த்துக்கொள்ள வைத்திருக்கும் ஆள் மட்டுமே என்பது அவர் கணக்கு. அதனால் வரும்போது மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய உறையைக்கூடப் பிரிக்கவிடமாட்டார். பேச்சிலும் பிசகமாட்டார். "கடைக்காரர் ஃபிரிட்ஜ்ல தண்ணி இருக்கா?" என்றுதான் கேட்பார். "கடைக்காரரும் உள்ளதான் இருக்காரு, அவரையே கேளுங்க" என்று சமையலறையிலிருந்து பதில் வரும். மனைவி மருந்துக் கடையில் கல்லாவில் உட்காருகிறவர். நாள் முழுக்கச் சில்லறை கேட்டுக் கேட்டுப் பேச்சையும் சில்லறையாக மாற்றிக் கையில் வைத்திருப்பவர்.

கடைசித் தவணை கட்டிவிட்டு வரும் நாளைப் பார்க்க வேண்டும். சட்டையை மாற்றிக்கொண்டு, நகக்கண்ணில் இருக்கும் வண்ணம் போகும்வரை கை கழுவுவார். மனைவியைப் பக்கத்தில் வந்து நிற்கச் சொல்வார். பொருளின் வலது மேல் மூலையில் நகத்தால் மெதுவாகக் கிளப்பி, கிழியாமல் உறையை உரித்தெடுப்பார். அதை நாலாக மடித்து வேலைப் பையில் வைத்துக்கொள்வார். பிறகு அந்தப் பொருளின் மேல் உள்ளங்கையை வைத்து, "இனிமே இது நம்மோடது" என்பார். அந்த நிமிஷத்தில் அவர் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே மனைவி இத்தனை காலம் உறைகளின் மொறுமொறு சத்தத்தைப் பொறுத்துக்கொண்டார் என்று சொல்ல வேண்டும்.

டிவி வந்தபோது கடை முதலாளி தவணையோடு இன்சூரன்ஸுக்கும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார். "திருடு போச்சுன்னா மிச்சத் தவணைய கம்பெனியே கட்டிடும். நீங்க நிம்மதியா இருக்கலாம்" என்றார். "உங்க பொருள் என் வீட்லேர்ந்து திருடு போற அளவுக்கா நான் இருக்கேன்?" என்று கவர்க்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. மனைவிதான் முழங்கையால் இடித்து ஒப்புக்கொள்ள வைத்தார்.

டிவி சுவரில் ஏறியது. உறையோடுதான். திரையில் வருகிறவர்கள் எல்லாம் லேசான பனியில் நின்று அழுதார்கள், பனியிலேயே சிரித்தார்கள். அட்டைப்பெட்டியை, உள்ளே இருந்த தெர்மோகோல் துண்டுகளோடும் ஒட்டிய பட்டைகளோடும், பரண்மேல் பத்திரப்படுத்தினார். ரிமோட்டையும் உறையோடு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். "சும்மா சும்மா அமுக்கினா தேஞ்சிடும். திருப்பிக் குடுக்கிற நிலைமை வந்தா என்ன பதில் சொல்றது?" மனைவி தொடர் பார்க்க வேண்டுமென்றால் அவர் சுண்ணாம்பும் சாயமுமாக வீடு திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். வந்தபிறகும் ரிமோட்டைக் கையில் கொடுக்கமாட்டார். "எத்தனாவது சேனல்?" என்று கேட்டு அவரே அமுக்குவார்.

ஒரு நாள் பகலில், இருவரும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், பின்கதவுத் தாழ்ப்பாளை நெம்பி யாரோ உள்ளே வந்துவிட்டார்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் டிவி இல்லை. வேறு எதுவும் கலையவில்லை. பரண்மேல் இருந்த பெட்டியும் இல்லை, தெர்மோகோலும் இல்லை. மனைவிக்கு விஷயம் விளங்க ஒரு நொடிகூட ஆகவில்லை.

"பெட்டியில போட்டு, அழகா ஒட்டி, கடையிலேர்ந்து வாங்கிட்டுப் போற மாதிரி தெரு வழியாவே தூக்கிட்டுப் போயிருக்கான். திருடனுக்குக் கூலி குடுக்கறது மட்டும்தான் மிச்சம், மத்த வேலையெல்லாம் நீங்களே செஞ்சு வெச்சிருக்கீங்க."

கவர்க்காரர் அதைக் காதில் வாங்கவில்லை. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ரிமோட் இருந்தது. அந்தக் கையோடு கடைத்தெருவுக்கு விரைந்தார். கல்லாவில் இருந்த முதலாளியின் தோளில் கை வைத்து, துக்க வீட்டில் பேசுகிற குரலில், "மொதலாளி, மனசத் தேத்திக்குங்க. உங்க டிவி திருடு போயிடுச்சு" என்றார். முதலாளி எழுந்து கடைக்குள் ஓடி, வரிசையாக மாட்டியிருந்த டிவிகளை எண்ணத் தொடங்கிவிட்டார். விஷயம் விளங்கியதும் வந்து உட்கார்ந்து, "யோவ், அது உம்ம டிவிய்யா" என்றார். "பணம் கட்டி முடியலயே, மொதலாளி" என்றார் இவர்.

காவல் நிலையத்திலும் இதே கதைதான். புகார் எழுதியவரிடம், கடைக்காரருடைய டிவி என் வீட்டிலிருந்து திருடு போனது என்று சொல்லி, அப்படியே எழுத வைத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தார். நேர்மையாக ஒரு காரியம் செய்த திருப்தி அவருக்கு. அந்த ஒரு வரி எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இன்சூரன்ஸ் கம்பெனி புகாரைப் படித்துவிட்டு, வாங்கியவரின் சொந்தப் பொருளுக்குத்தான் நஷ்டஈடு, அடுத்தவர் பொருளுக்கு இல்லை என்று பதில் எழுதியது. முதலாளியிடம் போனால், "வித்த பொருள் எப்படிய்யா என்னோடதாகும்? நான் கேட்டா என்னைப் பிடிச்சு உள்ள வெப்பான்" என்று கையை விரித்தார். டிவிக்கு இப்போது சொந்தக்காரரே இல்லை. திருடனைத் தவிர. தவணைக்கு மட்டும் ஆள் இருந்தது. மாதம் பிறந்ததும் கவர்க்காரர் தலைவாரிக்கொண்டு கடைக்குப் போய், சுவரில் இல்லாத டிவிக்குப் பணம் கட்டிவிட்டு வந்தார்.

இதைத்தான் மனைவியால் தாங்க முடியவில்லை. பணம் தன் சம்பளத்திலிருந்தும் போகிறது. "நிலையத்துக்குப் போய் அந்த ஒரு வரிய மட்டும் மாத்திச் சொல்லிட்டு வாங்க, மிச்சத்த கம்பெனி கட்டிடும்" என்று சொல்லிப் பார்த்தார். "பொய் சொல்லச் சொல்றியா?" என்று கல்லாக நின்றார் இவர். அதன்பிறகு மனைவி தொடர் வரும் நேரத்துக்குச் சரியாகச் சோபாவில் வந்து உட்கார்ந்து, டிவி இருந்த இடத்தையே பார்க்கத் தொடங்கினார். அந்த இடத்தில் மட்டும் சுவர் புதிது போலப் பளிச்சென்று இருந்தது.

"என்ன பாக்கற?"

"கடைக்காரர் சுவத்துல ஏதாவது ஓடுதான்னு பாக்கறேன்."

"சுவரு நம்மோடதுதானே?"

"அப்படியா? இந்த வீட்ல நம்மோடதுன்னுகூட ஒண்ணு இருக்கா? கல்யாணம் ஆகி இத்தன வருஷமாச்சு. நானாவது உங்களோடதா, இல்ல இன்னும் எங்கப்பா வீட்டுக் கணக்குலதான் இருக்கேனா?"

கவர்க்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ தவணையில வரலயே" என்றார். அன்று இரவுச் சாப்பாட்டில் உப்பு இல்லை.

கடைசியில் கம்பெனியிலிருந்து விசாரிக்க ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. இந்த விசாரணையோடு முடிவு, இதற்குமேல் கேட்க வழியில்லை. கையில் ஹெல்மெட்டோடு வந்த அதிகாரி, யாரும் சொல்வதற்குள் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார். விசாரணை தரையிலிருந்து தொடங்கியது.

எழுந்து, இந்த முறை பிளாஸ்டிக் நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "இந்த சோபா யாரோடது?" என்று கேட்டார்.

"கடைக்காரரோடதுங்க."

"அந்த ஃபிரிட்ஜ்?"

"அது நம்மோடதுங்க. போன மழைக்காலத்துல உறை பிரிச்சாச்சு."

"காணாமப் போன டிவி?"

கதவுக்குப் பக்கத்தில் நின்ற மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டார். கவர்க்காரர் சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "கடைக்காரரோடதுங்க" என்றார்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதிகாரி பேனாவை மூடினார். வந்த வேலை சுலபமாக முடிந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருந்தால் கம்பெனிக்குப் பணம் மிச்சமாகியிருக்கும். வாய் சும்மா இருந்தால்தானே? பின்கதவைப் பார்த்துவிட்டு, "ஒரு தட்டுல கழண்டு வர்ற தாழ்ப்பாள். யாரோ ஒருத்தர் பொருள்தானேன்னு அலட்சியமா விட்டிருக்கீங்க. சொந்தப் பொருளா இருந்தா இப்படி விட்டிருப்பீங்களா?" என்றார்.

கவர்க்காரரின் முகம் கறுத்தது. வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் செருப்புக்குக்கூட உறை போட்ட மனிதரைப் பார்த்துச் சொல்கிற சொல்லா அது?

"அலட்சியமா? யார சார் சொல்றீங்க? அந்த டிவி மேல ஒரு ஈய உக்கார விட்டதில்ல. பெயிண்ட்ல தோய்க்காத புது பிரஷ் ஒண்ணு அதுக்குன்னே வெச்சிருக்கேன், வந்து பாருங்க. அதாலதான் தூசி தட்டுவேன். இடி இடிச்சா ஏணிய அப்படியே விட்டுட்டு ஓடி வருவேன், பிளக்கைப் பிடுங்க. வெயில் விழுதேன்னு இந்த ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கமா ரெண்டு பூச்சுப் பூசினேன். கடைக்காரருக்கு அதப் பத்தி என்ன தெரியும்? ஒரு நாளாவது வந்து எப்படி இருக்குன்னு கேட்டாரா? காய்ச்சல்ல படுத்தப்பகூட எழுந்து போய் அதத்தான் தொட்டுப் பாத்தேன். அலட்சியமாம். என் டிவி சார் அது. என் டிவிய நான் அலட்சியமா விடுவேனா?"

சொன்ன வார்த்தை அவர் காதுக்கே அப்போதுதான் வந்து சேர்ந்தது போலும். வாயைத் திறந்தபடி நின்றார். கண் கலங்கியிருந்தது. உள்ளே போன மனைவி எப்போது திரும்பி வந்தார் என்று தெரியவில்லை. அதிகாரியின் முன்னால் நின்றிருந்தார்.

"எழுதிக்குங்க சார். அவரு வாயால சொன்னத அப்படியே எழுதிக்குங்க. பேனாவத் திறங்க."

மறுநாள் மனைவியே கூட வந்து, காவல் நிலையத்தில் அந்த வரியை மாற்ற வைத்தார். திரும்பும் வழியில் கவர்க்காரர் மட்டும் நழுவிக் கடைக்குப் போனார். "மன்னிச்சுக்குங்க மொதலாளி. கோவத்துல உங்க பொருள என்னோடதுன்னு சொல்லிட்டேன்." முதலாளி இரண்டு கைகளையும் கூப்பி, "நீர் போய்யா, எனக்கு வியாபாரம் இருக்கு" என்றார்.

மழை தொடங்கிய வாரத்தில் கடையிலிருந்து ஓர் ஆள் வந்தார். மிச்சத் தவணை முழுவதையும் கம்பெனி கட்டிவிட்டது, பாக்கி எதுவும் இல்லை என்று சொல்லி, அதற்கான சீட்டையும் கொடுத்துவிட்டுப் போனார். மனைவி அதை வாங்கிப் படித்துவிட்டு, அப்பாடா என்று அலமாரியில் வைத்தார். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தார்.

கவர்க்காரர் சட்டையை மாற்றினார். பின்பக்கம் போய் வெகுநேரம் கை கழுவினார். வந்து, சுவரில் பளிச்சென்று இருந்த அந்த இடத்துக்கு முன்னால் நின்று, "கொஞ்சம் இங்க வந்து நில்லு" என்று மனைவியைக் கூப்பிட்டார். எதற்கென்று புரியாமலே அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். கவர்க்காரர் சட்டைப்பையிலிருந்து ரிமோட்டை எடுத்தார். வலது மேல் மூலையில் நகத்தால் மெதுவாகக் கிளப்பி, கிழியாமல் உறையை உரித்தார். நாலாக மடித்து வேலைப் பையில் வைத்தார்.

பிறகு ரிமோட்டை மனைவியின் கையில் கொடுத்தார்.