பூங்காவில் பெரியப்பா பறித்த களை

எங்கள் பெரியப்பாவுக்கு வயலைத் தவிர வேறெங்கும் இருப்புக் கொள்ளாது. கல்யாணப் பந்தியில் உட்காரும்போதே மடையைத் திறந்துவிட்டு வந்த நினைவு வந்து பாதியில் எழுந்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர் ஒரு கோடை விடுமுறை முழுக்க, ஞாயிறு தவறாமல் என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு பூங்காவில் கூலியில்லாமல் வேலை பார்க்கப் போனார். வீட்டில் எல்லோரும் கேலி செய்தார்கள்.

ராஜா காலத்துப் பூங்கா அது. சம்பா அறுவடை முடிந்து, அறுப்பு மெஷின் விட்டுப்போன நெல் தாளை, பெரியப்பாவின் வயலும் சேர்ந்த பக்கத்து வயல்களில் யாரோ கொளுத்த, காற்றில் தீ வேலி தாண்டிப் பாதிப் பூங்கா கருகிவிட்டது. கேட்டைப் பூட்டிவிட்டு, கைகொடுக்க ஆட்களைக் கூப்பிட்டார்கள். நடுவில் நின்ற கிழட்டு இலுப்பை கரிக்கட்டையாகியிருந்தது. ஆடிக்குள் துளிர்க்காவிட்டால் வெட்டிவிடுவார்கள் என்றார் காவல்காரர். அதைக் கேட்டதிலிருந்து பெரியப்பா வேறு வேலையைத் தொடவில்லை. குடம் குடமாகச் சுமந்து அதன் வேருக்கே ஊற்றினார். காவல்காரர் நீட்டும் டீயைக்கூட வாங்கமாட்டார்.

கோடை மழை பெய்த வாரம் மரத்தடியில் கோரை மண்டிவிட்டது. களையைக் கண்டால் பெரியப்பாவின் கை சும்மா இருக்குமா? குனிந்தவர் நிமிராமல் பறித்துக்கொண்டே போனார்.

காவல்காரர் ஓடிவந்தார். "ஐயா, நிறுத்துங்க! மரம் வேர்லேந்து துளிர் விட்டிருக்குங்க. அதையும் சேத்துப் பறிக்கிறீங்களே!"

பெரியப்பாவின் கைப்பிடிக்குள் கோரையோடு கோரையாகச் சிவந்த இளந்துளிர்கள். அப்படியே மண்ணில் உட்கார்ந்து தேம்பி அழுதார். பெரியவர்கள் அழுது நான் பார்த்ததில்லை. பயந்துபோய் மரத்துக்கு மறுபக்கம் ஓடினேன். அவர் கை இன்னும் போகாத அந்தப் பக்கத்தில் நாலைந்து துளிர்கள் நின்றன.

"பெரியப்பா, இங்க இருக்கு!" என்று கத்தினேன்.

காவல்காரர் அவரைத் தூக்கிப் பெஞ்சில் உட்காரவைத்து டீயைக் கையில் கொடுத்தார். "எனக்கு மொத நாளே தெரியுங்க. நீங்க வேணும்னேவா செஞ்சீங்க? காத்து திரும்பிடுச்சு. குடிங்க."

அன்றுதான் பெரியப்பா டீயை வாங்கிக் குடித்தார். களை பறித்ததற்குக் காற்று என்ன செய்யும் என்று நான் குழம்பினேன்.

ஆடிக்கு முன்பே பூங்கா திறந்தது. இலுப்பையை வெட்டவில்லை. அடுத்த தையில் ஊரே தாளைக் கொளுத்தியபோது, பெரியப்பா மட்டும் டிராக்டர் விட்டுத் தாளை மண்ணோடு மடக்கி உழுதார். வீண் செலவு என்று பெரியம்மா சண்டை போட்டாள். நானும் பெரியம்மா கட்சியில்தான் இருந்தேன்.